சுற்றுச்சூழல் மேலாண்மை படிக்க வருகிறவர்களுக்கு: வடசென்னையிலிருந்து ஒரு வழிகாட்டி

திருவொற்றியூரில் வளர்ந்தவர்களுக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேற்கிலிருந்து அடித்தால் மணலியின் வாடை வீட்டுக்குள் வரும். பிற்பகலில் கடல்காற்று எழும்பிவிட்டால் அதே வாடை மாதவரம் பக்கம் போய்விடும். எர்ணாவூரில் மாடியில் துணி உலர்த்துகிறவர்களுக்கும், எண்ணூரில் வலை உலர்த்துகிறவர்களுக்கும் இதுபோலத் தங்களுக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. சுற்றுச்சூழல் மேலாண்மை என்ற படிப்பில் சேரும் வடசென்னைப் பிள்ளைகள் இந்தக் கணக்கோடுதான் வகுப்புக்குள் நுழைகிறார்கள். ஆனால் வகுப்பில் இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பதால், அது படிப்புக்குச் சம்பந்தமில்லாதது என்று நினைத்து முதல் பருவத்திலேயே மறந்துவிடுகிறார்கள். அந்தத் தவற்றை நானும் செய்தேன்.

இந்தப் படிப்பின் வேலை, மூக்குக்குத் தெரிந்த ஒன்றை எண்ணாக மாற்றி, அந்த எண் எந்த ஆணையின் எந்த நிபந்தனைக்குள் வருகிறது என்று கண்டு, அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதை எழுத்தில் நிறுவுவதுதான். பாடத்திட்டத்தில் இந்த மூன்றும் தனித்தனித் தாள்களாக, தனித்தனிப் பருவங்களில் வரும். சேர்த்துப் பார்ப்பது மாணவரின் பொறுப்பு. கீழே உள்ள ஒவ்வொரு படியையும் இந்தச் சேர்ப்பை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

சுற்றுச்சூழல் அறிவியல், சுற்றுச்சூழல் பொறியியல், சுற்றுச்சூழல் மேலாண்மை ஆகிய மூன்றும் விண்ணப்பப் படிவத்தில் அடுத்தடுத்து வருவதால் ஒன்றுபோலத் தோன்றும். கொசஸ்தலையாற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த ஓர் இடத்தை எடுத்துக்கொண்டால் வேறுபாடு விளங்கும். அங்கே படிந்திருப்பது என்ன, அதில் எந்த உலோகம் எவ்வளவு, நண்டுக்கும் இறாலுக்கும் அது என்ன செய்கிறது என்று கேட்பது அறிவியல். சாம்பல் குழம்பைக் கொண்டுசெல்லும் குழாய் உடையாமலிருக்க என்ன செய்வது, சாம்பல் குளத்தின் கரையை எப்படிக் கட்டுவது என்று கேட்பது பொறியியல். அந்தக் குழாயைப் போட யார் அனுமதித்தார்கள், எந்த நிபந்தனையின் பேரில், நிபந்தனை மீறப்பட்டால் யார் எதை எப்போதுக்குள் செய்ய வேண்டும், அதற்கான செலவை யார் ஏற்பது என்று கேட்பது மேலாண்மை.

மேலாண்மை என்ற சொல்லைப் பார்த்து, இது கணக்கும் வேதியியலும் வேண்டாத இலகுவான படிப்பு என்று நினைத்து வருகிறவர்கள் இரண்டாம் பருவத்தில் அரியர் வைக்கிறார்கள். மற்ற இரண்டிலும் பாதி தெரியாமல் மூன்றாவதைச் செய்ய முடியாது.

சேர்க்கை

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த உடனே வருகிறவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. பொறியியல் வழியாக வருவதென்றால் தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வில் கலந்துகொள்ள வேண்டும். கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படும், அதில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழை வட்டாட்சியர் அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கலந்தாய்வு தொடங்கிய பிறகு அந்த அலுவலகத்தில் நிற்கிற வரிசையைப் பார்த்தவர்களுக்கு இதை ஏன் சொல்கிறேன் என்று தெரியும்.

அறிவியல் வழியை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரி, பாரதி மகளிர் கல்லூரி போன்ற நம் பக்கத்துக் கல்லூரிகளில் அறிவியல் பாடம் ஒன்றில் இளங்கலை முடித்துவிட்டு, முதுகலையில் சுற்றுச்சூழல் பக்கம் திரும்புகிறவர்கள் ஆய்வகத்தில் உறுதியாக நிற்கிறார்கள். வேதியியல் படித்தவர் என்றால் இன்னும் நல்லது. அரசுக் கல்லூரியில் சேரும் அரசுப் பள்ளி மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. களப்பயணத்துக்கும் பேருந்துக்கும் அது பெரிய துணை.

முதுகலைப் பொறியியலுக்கு அண்ணா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் கேட் என்ற தேசிய நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணோ மாநில நுழைவுத் தேர்வோ வேண்டும். கேட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியலுக்கும் பொறியியலுக்கும் 2021 முதல் தனித்தாளே இருக்கிறது. அதற்கு முன் கட்டடப் பொறியியல் தாளை எழுதித்தான் இந்தப் பக்கம் வர வேண்டியிருந்தது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு கியூட் முதுகலைத் தேர்வு. வேலையில் இருந்துகொண்டே படிக்க விரும்புகிறவர்களுக்கு இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சுற்றுச்சூழலில் பட்டயமும் பட்டமும் நடத்துகிறது. எந்த ஆண்டு எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு என்பது மாறிக்கொண்டே இருப்பதால், தெரிந்தவர் சொன்னதை நம்பாமல் அந்த ஆண்டின் தகவல் கையேட்டைப் பார்த்தே விருப்பப் பட்டியலை நிரப்புங்கள்.

தொலைவைப் பற்றி ஒரு வார்த்தை. விம்கோ நகரிலிருந்து கிண்டிக்கு ஒரே மெட்ரோவில் போகலாம். நாங்கள் படித்த காலத்தில் எண்ணூரிலிருந்து மின்சார ரயில், பிறகு கடற்கரையில் மாறி இன்னொரு ரயில், பிறகு நடை என்று போனோம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைமை அலுவலகமும் கிண்டியில்தான் இருக்கிறது என்பதால் அந்த வழித்தடத்தை நீங்கள் எப்படியும் பழகத்தான் போகிறீர்கள்.

முதல் ஆண்டில் எதற்கு நேரம் ஒதுக்குவது

சூழலியல், நிலைத்த வளர்ச்சி போன்ற தாள்களைத் தேர்வுக்கு முந்தைய வாரம் படித்தாலும் தேறிவிடலாம். புள்ளியியலை அப்படிச் செய்ய முடியாது. சராசரி, திட்டவிலக்கம், இரண்டு இடங்களின் அளவுகளுக்கிடையே இருக்கும் வேறுபாடு உண்மையா தற்செயலா என்று பார்க்கும் சோதனை ஆகியவற்றை எக்செல்லில் கையால் செய்து பழகுங்கள். இலவசமாகக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளை முதல் ஆண்டு விடுமுறையிலேயே கணினியில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் 10 மீட்டர் துல்லியத்தில், ஏறத்தாழ ஐந்து நாளுக்கு ஒன்றாக, காசில்லாமல் கிடைக்கின்றன. எண்ணூர் உப்பங்கழியின் சேற்றுப்பரப்பையும் அலையாத்திப் பகுதியையும் ஆண்டுவாரியாக அடுக்கி வைத்துப் பார்ப்பது நல்ல முதல் பயிற்சி. எந்தப் பாடப்புத்தகத்தின் மாதிரிப் படத்தையும்விட அதில் அதிகம் கற்றுக்கொள்வீர்கள்.

சட்டத்தைப் படிக்கும் வரிசை

பாடத்திட்டம் சட்டங்களை ஆண்டு வரிசையில் அடுக்கும்: 1974-இல் நீர்ச் சட்டம், 1981-இல் காற்றுச் சட்டம், போபால் பேரழிவுக்குப் பிறகு 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 2006-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 2010-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம். தேர்வுக்கு இந்த வரிசை போதும். புரிந்துகொள்வதற்கு நான் சொல்லும் வரிசை வேறு: முதலில் ஓர் இசைவாணையை, அதாவது ஆலைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எழுத்தில் தரும் ஒப்புதலை, கையில் எடுத்து வாசியுங்கள், அதிலிருந்து பின்னோக்கிச் சட்டத்துக்குப் போங்கள்.

ஒரு தொழிற்சாலை கட்டுவதற்கு முன் நிறுவுவதற்கான இசைவும், உற்பத்தி தொடங்குவதற்கு முன் இயக்குவதற்கான இசைவும் வாரியத்திடம் பெற வேண்டும். தொழில்கள் மாசின் அளவைப் பொறுத்துச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை போன்ற நிற வகைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. மணலியில் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, பெட்ரோ வேதிப்பொருள் ஆலைகள் எல்லாம் சிவப்பில் வரும். இசைவாணை பெரும்பாலும் சில பக்கங்கள்தான் இருக்கும். எதை எவ்வளவு உற்பத்தி செய்யலாம், எத்தனை புகைபோக்கி, ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம், எந்த அளவுக்குள் புகை இருக்க வேண்டும், நாளொன்றுக்கு எத்தனை கன மீட்டர் கழிவுநீர், அது எங்கே போக வேண்டும், ஆணை எந்தத் தேதி வரை செல்லும் என்பவை அட்டவணையாக இருக்கும். அட்டவணைக்குப் பிறகு வரும் சிறப்பு நிபந்தனைகளில்தான் அந்த ஆலையின் வரலாறு ஒளிந்திருக்கிறது. பச்சை வளையம் வளர்க்கச் சொல்லும் நிபந்தனை எல்லா ஆணையிலும் வரும். ஒரு குறிப்பிட்ட தொட்டிக்கு மூடி போடச் சொல்லும் நிபந்தனை வந்தால், அந்தத் தொட்டியால் எப்போதோ யாரோ அவதிப்பட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

ஆணையின் நகல் கிடைக்கவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பியுங்கள்; 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். விண்ணப்பத்தில் "மாசு பற்றிய எல்லா விவரங்களும் வேண்டும்" என்று எழுதினால் ஒன்றும் வராது. எந்த ஆலை, எந்த ஆண்டு, எந்த ஆணை என்று ஒரு வரியில் கேளுங்கள்.

ஆணையில் உள்ள எண்கள் எங்கிருந்து வந்தன என்று தேடினால் 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் அட்டவணைகளுக்குப் போய்ச் சேர்வீர்கள். உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கான பொது வரம்புகளில் நான்கை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்: உயிரிவேதி ஆக்சிஜன் தேவை (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் இழுக்கும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 30 மில்லிகிராம், வேதி ஆக்சிஜன் தேவை (அதே கழிவை வேதிப்பொருளால் சிதைக்க ஆகும் ஆக்சிஜன்) 250, மிதக்கும் திடப்பொருள் 100, அமில கார நிலை 5.5 முதல் 9 வரை. நேர்முகத் தேர்வில் கேட்கிறார்கள் என்பதைவிட, ஆய்வக அறிக்கையைப் பார்த்தவுடன் எங்கே இடிக்கிறது என்று கண்ணில் பட வேண்டும் என்பதற்காக.

தீர்ப்புகளில் ஒன்றை முழுதாகப் படியுங்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு அது. பாலாற்றைக் கெடுத்த தோல் ஆலைகள் பற்றியது என்பதால் நமக்கு நிலமும் ஆறும் தெரிந்தவை. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் தெளிவாகச் சொல்லப்பட்டது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருப்பதால், இந்தக் கோட்பாடுகள் எண்ணூர் வழக்குகளில் எப்படிக் கையாளப்படுகின்றன என்பதையும் ஆணைகளைப் படித்தே பின்தொடரலாம்.

களத்தில் நீர் எடுப்பது

ஆய்வக வகுப்பில் மாதிரி ஏற்கெனவே குடுவையில் இருக்கும். அதனால் மாதிரி எடுப்பது ஒரு வேலையே இல்லை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. தவறுகளில் பெரும்பகுதி குடுவை ஆய்வகத்துக்கு வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது.

கரைந்த ஆக்சிஜனை எடுத்துக்கொள்வோம். மூடி இறுகப் பொருந்தும் 300 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பியை நீருக்குள் சாய்த்துப் பிடித்து, காற்றுக்குமிழி ஒன்றுகூட உள்ளே நிற்காதபடி மெதுவாக நிரப்ப வேண்டும். கரையிலேயே, மாங்கனீஸ் சல்பேட் கரைசல் 2 மில்லிலிட்டரும் கார அயோடைடு அசைடு கரைசல் 2 மில்லிலிட்டரும் குழாய்முனை நீருக்குள் இருக்கும்படி விட்டு, மூடித் தலைகீழாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் குலுக்க வேண்டும். நீரில் ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் வீழ்படிவு இறங்கும். தண்டையார்பேட்டைப் பக்கம் கேப்டன் காட்டன் கால்வாயில் நான் முதன்முறை இதைச் செய்தபோது குப்பிக்குள் பால் திரிந்ததுபோல வெள்ளையாக இறங்கியது. கரைசலில் கோளாறு என்று நினைத்து மறுபடி எடுத்தேன், மறுபடியும் வெள்ளை. ஆக்சிஜன் அறவே இல்லாத நீரில் அப்படித்தான் வரும் என்று புத்தகத்தில் ஒரு வரி இருந்திருக்கிறது, நான் தாண்டிப் போயிருக்கிறேன்.

பழுப்பு வந்தால் கந்தக அமிலம் சேர்த்து வீழ்படிவைக் கரைத்து, ஆய்வகத்துக்கு எடுத்துவந்து, 200 மில்லிலிட்டர் மாதிரிக்குச் சமமான அளவை 0.025 நார்மல் சோடியம் தயோசல்பேட்டால் தரம்பார்க்க வேண்டும். ஸ்டார்ச் சேர்த்ததும் வரும் நீலம் மறையும் புள்ளியில் பியூரெட்டில் எத்தனை மில்லிலிட்டர் இறங்கியிருக்கிறதோ அதுவே லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன். 30 டிகிரி வெப்பத்தில் நன்னீர் சுமார் 7.5 மில்லிகிராமும் கடல்நீர் சுமார் 6.2 மில்லிகிராமும்தான் இயல்பாகத் தாங்கும் என்பதை நினைவில் வைத்தால், 11 என்று வந்த விடையை அப்படியே ரெக்கார்டு நோட்டில் எழுதமாட்டீர்கள். ஒன்று குமிழி புகுந்திருக்கும், அல்லது பகல் வெயிலில் பாசி ஆக்சிஜனை வெளியிட்டுக்கொண்டிருக்கும். இரண்டாவது காரணமாக இருந்தால் அதே இடத்தில் விடியுமுன் எடுத்துப் பாருங்கள். மீன் செத்து மிதப்பது ஏன் பெரும்பாலும் அதிகாலையில் என்று அப்போது விளங்கும்.

எண்ணூர் உப்பங்கழியில் இன்னொரு சங்கதி உண்டு. என் முதுகலைப் ப்ராஜெக்டுக்காக வாரந்தோறும் ஞாயிறு காலை பதினொரு மணிக்கு ஆறு இடங்களில் நீர் எடுத்தேன். நேரத்தை மாற்றாமல் வைத்ததில் எனக்குப் பெருமை வேறு. மூன்றாம் வாரம் என்னைப் படகில் கூட்டிப்போன பெரியவர் குடுவையைப் பார்த்துவிட்டு, "தண்ணி ஏறிக்கினு இருக்குது தம்பி, இப்ப மொண்டா கடலத்தான் மொண்டுக்கினு போவ" என்றார். சிரித்துவிட்டுக் குறிப்பேட்டை மூடினேன். வைவாவில் வெளித்தேர்வாளர் என் அட்டவணையைப் பார்த்த அடுத்த நிமிடம் கேட்டது, ஒவ்வொரு மாதிரியும் நீர் ஏறும்போது எடுத்ததா, வற்றும்போது எடுத்ததா என்றுதான். கடிகார நேரம் ஒன்றாக இருந்தாலும் கடல் ஏறி வற்றும் நேரம் நாளுக்கு நாள் தள்ளிப்போகும். ஒரு வாரம் நான் அளந்தது கடலை, அடுத்த வாரம் அளந்தது ஆற்றை. முகத்துவாரத்தை ஒட்டிய எந்த இடத்திலும் ஒரே நாளில் ஏறும்போது ஒரு மாதிரி, வற்றும்போது ஒரு மாதிரி எடுங்கள். உப்பளவையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள். கடலோடிகள் ஒரு வார்த்தை சொன்னால் அதை அந்த இடத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

குறிப்பேட்டைப் பென்சிலால் எழுதுவது நல்லது. பேனா மை உப்புத் தண்ணீரில் கரைந்துவிடும். இடம், நேரம், வானிலை, நீரின் நிறம், மணம், அருகில் நடந்த வேலை, மாதிரி எடுத்தவர் பெயர் ஆகியவை இல்லாத மாதிரி எண்ணுக்கு எந்த விசாரணையிலும் மதிப்பில்லை. தனியாகப் போகாதீர்கள். முதல் மழை விழுந்த மறுநாள் தவறாமல் போங்கள். ஆண்டு முழுதும் தேங்கியது அன்றைக்குத்தான் ஓடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, அதற்கு முன் அந்த நீர் எப்படி இருந்தது என்பதற்கான பழைய அளவுகளுக்குத்தான் எல்லோரும் அலைந்தார்கள். 2017 ஜனவரி 28-இல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டி, எர்ணாவூர்க் கரையில் ஆட்கள் வாளியால் அள்ளிய நாட்களிலும் அதே கேள்விதான் எழுந்தது. மாணவர் ஒருவர் ஒழுங்காக எடுத்து வைத்த ஓராண்டு அளவுகள் அப்படிப்பட்ட நாளில் விலைமதிப்புள்ளவை.

காற்றின் எண்கள்

காற்றை அளக்கும் கருவிகள் மாணவர் கைக்கு எட்டாத விலையில் இருப்பதால், இங்கே வாசிக்கக் கற்பதே முதல் வேலை. மணலி, கொடுங்கையூர், ராயபுரம் ஆகிய இடங்களில் தொடர் கண்காணிப்பு நிலையங்கள் இருக்கின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் மணிவாரியாக எண்களை இறக்கிக்கொள்ளலாம். அதே வாரியத்தின் சமீர் செயலி காட்டும் ஒற்றைக் காற்றுத்தர எண் 24 மணி நேரச் சராசரியிலிருந்து வருவது. இரவு இரண்டு மணிக்கு வீட்டில் எல்லோரும் இருமி எழுந்த ஒரு மணி நேரம் அந்தச் சராசரிக்குள் கரைந்துபோகும். அதை மணிவாரி எண்களில்தான் தேட வேண்டும்.

பி.எம். 2.5 என்ற நுண்துகளுக்கு இந்தியாவின் 2009-ஆம் ஆண்டு வரம்பு கன மீட்டருக்கு 24 மணி நேரத்தில் 60 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரியில் 40. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது 15-ம் 5-ம். "வரம்புக்குள் இருக்கிறது" என்று ஓர் அறிக்கை சொன்னால் எந்த வரம்பு என்று கேளுங்கள். எண்களோடு காற்றின் திசையையும் ஒரே தாளில் வரைந்து பாருங்கள். எந்தத் திசைக் காற்றில் கந்தக டை ஆக்சைடு ஏறுகிறது என்று ஒரு மாதத் தரவிலேயே ஒரு வடிவம் தெரியத் தொடங்கும். மாடித் துணிக் கணக்கு இப்போது தாளுக்கு வந்துவிட்டது.

மணலியை எடுத்துப் படிக்கிறவர்கள் 2009-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த மாசுக் குறியீட்டிலிருந்து தொடங்கலாம். அதில் மணலி 76.32 பெற்றது, 70-க்கு மேல் என்றால் கடுமையாக மாசுபட்ட பகுதி. அதன் விளைவாகப் புதிய ஆலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தருவது சில காலம் நிறுத்திவைக்கப்பட்டது. ஓர் எண் எப்படி ஓர் ஊரின் முதலீட்டையே நிறுத்தும் என்பதற்கும், பிறகு அந்தத் தடை எப்படி நீங்கும் என்பதற்கும் இதைவிட அருகில் வேறு பாடம் இல்லை.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போங்கள்

தாக்க மதிப்பீடு என்ற தாளைத் தேர்வுக்காகப் படிப்பது சலிப்பானது. வகைப்படுத்தல், வரையறை, பொதுமக்கள் கலந்தாய்வு, மதிப்பீடு என்று நான்கு கட்டங்களை ஒப்பித்துவிட்டு வந்துவிடலாம். பெரிய திட்டம் ஒன்றுக்கு அனுமதி தருமுன் ஊரில் நடத்தும் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தால் அது வேறு பாடமாகிவிடும். குறைந்தது 30 நாள் முன்னதாக நாளிதழ்களில் அறிவிப்பு வர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவர் சார்பில் உயர்நிலை அதிகாரியோ தலைமை ஏற்க வேண்டும். முழுதும் காணொளியாகப் பதிவாக வேண்டும். முடிவில், மக்கள் எழுப்பிய கருத்துகளைக் கூட்டத்துக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், நடந்ததற்கு எதிரே குறியிடுங்கள். போவதற்கு முன் அறிக்கையில் அடிப்படைத் தரவு எடுத்த மாதங்களையும் இடங்களையும் பாருங்கள். ஒரே ஒரு பருவத்தில், மழையில்லாத மாதங்களில் எடுத்த தரவே பல திட்டங்களுக்கு விதிப்படி போதுமானது. வடகிழக்குப் பருவமழையில் கொசஸ்தலையாறு என்ன செய்யும் என்பது அதில் இருக்காது. தமிழ்ச் சுருக்கத்தை ஆங்கில மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "எவ்விதப் பாதிப்பும் ஏற்படாது" என்ற தொடர் தமிழில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணியதுண்டு நான். அங்கே பேச வருகிற மீனவப் பெண்களும் உப்பளத் தொழிலாளர்களும் அறிக்கை தயாரித்தவர்களைவிடக் கூர்மையாகக் கேட்பார்கள். அவர்கள் கேட்டதை அறிக்கையின் எந்த அத்தியாயம் தொட்டிருக்க வேண்டும் என்று வீட்டுக்கு வந்து பொருத்திப் பார்ப்பதுதான் உங்கள் வீட்டுப்பாடம்.

ப்ராஜெக்ட் தலைப்பு

"வடசென்னையில் மாசு: ஓர் ஆய்வு" என்று தலைப்பு வைக்காதீர்கள். ஊர்த்தேரை ஒற்றை ஆள் இழுக்க முடியாது. கொடுங்கையூரை எடுத்தால்கூட அது பல தலைப்புகளாகப் பிரியும். பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பணி அங்கே நடக்கிறது. சலித்தெடுத்த மண் எங்கே போகிறது, அதில் கண்ணாடித் துகளும் உலோகமும் எவ்வளவு என்பது ஒரு தலைப்பு. அதே கொடுங்கையூரில் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து, எதிர் சவ்வூடு (ஆர்.ஓ.) முறையில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் தரும் நிலையம் 2019-இல் தொடங்கப்பட்டு, மணலி ஆலைகளுக்கு நீர் போகிறது. ஓர் ஆலையின் நீர்க் கணக்கில் அது எத்தனை பங்கு நன்னீரை மிச்சப்படுத்துகிறது என்பது இன்னொரு தலைப்பு. ஆறு மாதத்தில், கையிலிருக்கும் கருவியால், அனுமதி கிடைக்கும் இடத்தில் முடிக்கக்கூடியதா என்ற மூன்றும் பொருந்தினால் போதும்.

பயிற்சியும் வேலையும்

நான்கு வாரப் பயிற்சிக்கு எங்கே போனாலும், முதல் நாளே அந்த இடத்தின் இசைவாணையைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அதுவும் ஒரு தகவல். நான் பயிற்சிக்குப் போன ஓர் ஆலையில் கழிவுநீர் நிலையத்தின் பதிவேட்டைப் பிரித்தபோது, முப்பது நாளும் அமில கார நிலை 7.2 என்று ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதியிருந்தது. இன்னும் வராத மூன்று நாட்களுக்கும் 7.2 எழுதியாகிவிட்டது. மேற்பார்வையாளர் நல்ல மனிதர், மதியம் எனக்கு அவர் டிபன் பாக்ஸிலிருந்தே சோறு போட்டார். மீட்டர் பழுதாகி எட்டு மாதமாகிறது என்றார். அன்றைக்கு எனக்கு மேலாண்மை என்ற சொல்லின் பொருள் விளங்கியது. மீட்டரைச் சரிசெய்யப் பணம் கேட்டு யார், யாருக்கு, எந்த நிபந்தனையை மேற்கோள் காட்டிக் கடிதம் எழுதுவது என்பதுதான் அந்த வேலை. எழுதத் தெரிந்தவர் அங்கே இல்லை.

வேலைகள் நான்கு பக்கம் இருக்கின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உதவிப் பொறியாளர், சுற்றுச்சூழல் விஞ்ஞானி போன்ற பணிகளுக்குத் தேர்வு நடக்கும்போது ஆள் எடுக்கும், அறிவிப்புக்காகவே காத்திருக்காதீர்கள். மணலி, எண்ணூர், கும்மிடிப்பூண்டி ஆலைகளில் சுற்றுச்சூழல், பாதுகாப்புப் பிரிவுகள் உண்டு. தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கும் ஆலோசனை நிறுவனங்களுக்கு அங்கீகாரம் பெற்ற துறை வல்லுநர்கள் தேவைப்படுவதால், அங்கே கீழ்ப்படியில் சேர்ந்து நீர், காற்று, நிலப்பயன்பாடு என்று ஒரு துறையில் ஊன்றிக்கொள்ளலாம். நான்காவது, சோதனை ஆய்வகங்கள். சம்பளம் குறைவு, கற்பது அதிகம். கல்லூரி ஆசிரியராக விரும்புகிறவர்களுக்கு நெட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியல் தனிப் பாடமாகவே இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 14001 என்ற சுற்றுச்சூழல் மேலாண்மைத் தரத்துக்கான தணிக்கைப் பயிற்சிக்குப் பணம் கட்டுவதை ஓராண்டு வேலைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்; ஆலைக்குள் நடக்காதவர் கையில் அந்தச் சான்றிதழ் வெறும் தாள்.

ஆலையில் சேர்ந்தவுடன் நாட்காட்டியில் வட்டமிட வேண்டிய தேதிகள் இவை. சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற திட்டத்துக்கு அரையாண்டு நிபந்தனை அறிக்கை ஜூன் 1-க்கும் டிசம்பர் 1-க்கும். அபாயகரக் கழிவின் ஆண்டறிக்கை ஜூன் 30-க்குள். மார்ச்சில் முடிந்த நிதியாண்டுக்கான சுற்றுச்சூழல் அறிக்கை, படிவம் ஐந்தில், செப்டம்பர் 30-க்குள். இசைவாணை முடியும் தேதி ஒவ்வோர் ஆலைக்கும் வேறு. புதுப்பிக்க விண்ணப்பிக்கும் நாளை அதற்குப் பல வாரங்கள் முன்னதாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது கோப்பில் மதிப்பெண் பட்டியலோடு, களக் குறிப்பேட்டின் இரண்டு பக்க நகலையும், நீங்கள் அளந்த எண்ணுக்கு எதிரே உரிய நிபந்தனை எண்ணை எழுதி வைத்த ஒரு பக்க அட்டவணையையும் வையுங்கள். ப்ராஜெக்ட் அறிக்கையின் கனமான பிரதியை அங்கே யாரும் திறப்பதில்லை. அந்தப் பிரதியின் முடிவுகளைத் தமிழில் இரண்டு பக்கமாகச் சுருக்கி, படகு தந்தவருக்கும் அவர் குப்பத்துப் பஞ்சாயத்தாருக்கும் கொண்டுபோய்க் கொடுங்கள். நான் கொடுத்தபோது பெரியவர் தன் பேரனை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, தண்ணி ஏறுவதைப் பற்றி அவர் சொன்னது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டார். இரண்டாம் பக்கத்தில் இருந்தது.